ஏடு பெயர்த்த மரபும் சின்னக் கமராவும்

பிலிமிற் படமெடுத்துப் பழகியவர்களுக்கு ஒரு கர்வம் உண்டு. அந்தக் கர்வம் எனக்கும் இருந்தது. இன்றும் முற்றாக நீங்கிவிட்டதென்று சொல்ல மாட்டேன். முப்பத்தாறு படங்களுக்குமேல் இடந்தராத ஒரு சுருளைக் கமராவில் ஏற்றிக்கொண்டு, விடியற்புறத்திற் கல்லடிப் பாலத்தடியில் நின்று, வலை வீசுகிறவனின் தோள் திரும்பும் அந்த ஒரு கணத்துக்காகக் காத்திருந்து, ஒரே ஒருமுறை விசையை அழுத்திவிட்டு வீடு திரும்பியவனுக்கு, ஒரு நிமிடத்தில் நூறு படங்களைக் கொட்டித் தள்ளும் கருவியின்மீது மதிப்பு உண்டாவது எளிதன்று. ஆகவே, வெளிநாட்டில் வாழும் பழைய மாணவர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் ஊர் வந்து, சட்டைப்பையில் அடங்கக்கூடிய சின்ன டிஜிற்றல் கமரா ஒன்றை அன்பளிப்பாகத் தந்தபோது, நன்றி கூறி வாங்கி, மேசை லாச்சிக்குள் வைத்து மூடிவிட்டேன். அது அங்கேயே இரண்டு மாரிகளைக் கண்டது.

அதை வெளியே எடுக்கச் செய்தவர் ஒரு தாய். கடலுக்கும் வாவிக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் நாவலடி மணற்றிட்டில் ஒருகாலம் குடியிருந்தவர். 2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆந் திகதி கடல் வந்து போனபின் அவருக்கு எஞ்சியவற்றுள் ஒன்று, கண்ணாடியிட்ட ஒரு படச்சட்டம். உவர்நீரில் நனைந்து, வெயிலிற் காய்ந்து, படம் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தது. முகத்தின் ஒரு பக்கத்தைப் பூஞ்சணம் அரிக்கத் தொடங்கியிருந்தது. ஸ்ரூடியோக்காரர்கள் படத்தைக் கழற்றித்தான் பார்க்க வேண்டுமென்று சொன்னார்களாம், அவர் சம்மதிக்கவில்லை. “இதுக்குள்ள இருக்கிறது என்ட மகன் சேர். கழட்டினாப் போயிருவான்” என்றார்.

அவர் சொன்னது உண்மையே. ஈரம்பட்டு இளகிக் கண்ணாடியோடு ஒட்டிக் காய்ந்த படப்பூச்சைப் பிரித்தெடுத்தால், உருவம் கண்ணாடியோடு போகும். வெறுந்தாளே கையில் எஞ்சும். என் பிலிம் கமராவில் அப்பொழுது பாதிச் சுருள் மீதமிருந்தது. அதை முடித்து, கொழும்புக்கு அனுப்பிக் கழுவி, படி வந்துசேர வாரங்கள் ஆகும். அவரோ பின்னேரப் பஸ்ஸுக்கு நிற்கிறார். வேறு வழியின்றி லாச்சியைத் திறந்தேன். அரைமணி நேரத்துள் அம்மகனின் முகம் கண்ணாடியைப் பிரியாமலே, கண்ணாடிக்கு வெளியே வந்துவிட்டது.

அன்று முதல் அச்சிறு கருவியைப் பற்றிய என் எண்ணம் மாறியது. அந்த மாற்றத்தின் நியாயங்களை ஆசிரியர்கள் முன்னும் மாணவர்கள் முன்னும் இலக்கிய அன்பர்கள் முன்னும் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிலிமும் டிஜிற்றலும் ஒன்றையொன்று கொல்ல வந்த பகைவர் என்ற பொதுவான கருத்தை முதலிற் களைந்துவிட வேண்டும். டிஜிற்றல் கமரா பிறந்த வீடே பிலிம் விற்ற வீடுதான். 1975ஆம் ஆண்டு, கொடாக் நிறுவனத்திற் பணிபுரிந்த ஸ்டீவன் சாசன் என்ற இளம் பொறியியலாளர் அதன் முதல் வடிவத்தைச் செய்து முடித்தார். பத்தாயிரம் புள்ளிகளாலான கறுப்பு வெள்ளைப் படம். அதைக் கசற் நாடாவிற் பதிய 23 விநாடிகள் சென்றன. அந்தக் குழந்தை வளர்ந்து தாய்வீட்டையே ஆட்டியது என்பதும் உண்மை. 2012ஆம் ஆண்டு சனவரியில் அந்நிறுவனம் கடன் சுமையால் நீதிமன்றப் பாதுகாப்பை நாடிற்று. ஆயினும் பிலிம் மாண்டுவிடவில்லை. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் அது இன்றும் செய்யப்படுகிறது. இளைஞர் பலர் அதைத் தேடி வாங்கவும் செய்கின்றனர்.

சின்ன டிஜிற்றல் கமராவின் கதை இன்னும் விசித்திரமானது. 2010ஆம் ஆண்டளவில் உலகில் ஆண்டொன்றுக்குப் பத்துக் கோடிக்கு மேற்பட்ட சின்னக் கமராக்கள் விற்பனைக்கு அனுப்பப்பட்டன. கைத்தொலைபேசி கமராவைத் தன்னுள் விழுங்கியபின், பத்தே ஆண்டுகளில் அத்தொகை பத்திலொரு பங்குக்கும் கீழே போயிற்று. பிலிமை ஒதுக்கிய கருவி தானும் ஒதுக்கப்பட்டது. மட்டக்களப்பு வீடுகளில் எத்தனை அலுமாரிகளுக்குள், எத்தனை லாச்சிகளுக்குள், வெளிநாட்டு உறவினர் கொண்டுவந்து கொடுத்த சின்னக் கமராக்கள் இன்று உறங்குகின்றன என்பதை வாசகர்கள் தத்தம் வீடுகளிற் பார்த்தே அறியலாம். பெரும்பாலானவற்றுக்கு வேண்டியது ஒரு மின்கலம் மட்டுமே.

இவ்வகைக் கருவியைக் கையில் எடுப்பது கலைஞனுக்கு இழுக்கு என்று கருதுவோரும் உளர். யப்பானிய நாட்டின் டைடோ மொரியாமா, கரடுமுரடான கறுப்பு வெள்ளைப் பிலிம் படங்களாற் புகழ்பெற்றவர். அவரே பிற்காலத்திற் சின்ன டிஜிற்றல் கமராவை விரும்பிக் கையாண்டார். அவருடைய பார்வை அதனாற் குன்றிவிடவில்லை. கருவியை ஆள்வது கண். பிலிமிற் பயின்ற கண்ணுக்கு அது இன்னும் பொருந்தும்.

எனினும் இக்கருவியின் குறைகளை மறைப்பது நேர்மையாகாது. முப்பத்தைந்து மில்லிமீற்றர்ப் பிலிமிற் படம் விழும் பரப்பு 36க்கு 24 மில்லிமீற்றர். சாதாரணச் சின்னக் கமராவுக்குள் இருக்கும் ஒளியுணரியோ ஏறக்குறைய 6க்கு நாலரை மில்லிமீற்றர். பரப்பளவிற் பிலிமின் முப்பதிலொரு பங்கு. எனவே, பேரொளியையும் கருநிழலையும் ஒருங்கே தாங்கும் ஆற்றல் அதற்குக் குறைவு. நடுப்பகலில் எழுவான்கரையில் நின்று வாவியைப் பாருங்கள். நீர் முழுவதும் வெள்ளித் தகடாகப் பளபளக்கும். கண்டற்காட்டின் அடியிலோ இருள் தேங்கி நிற்கும். கறுப்பு வெள்ளைப் பிலிம் இவ்விரண்டையும் ஓரளவு இணக்கிவைக்கும். சின்னக் கமராவில் நீர் வெற்று வெள்ளையாகிவிடும். அவ்வெள்ளையினின்று எதையும் பின்னர் மீட்க முடியாது.

இங்கேதான் பிலிம்காரர் தமது பழக்கம் ஒன்றை மாற்ற வேண்டியவராகிறார். பிலிமில் நிழலுக்கு ஒளி போதாவிட்டால் நெகற்றிவில் அவ்விடம் வெறுமையாகிவிடும். ஆகவே நிழலைப் பார்த்து ஒளியை அளந்து பழகினோம். டிஜிற்றலில் அதற்கு மாறாக, வெளிச்சத்தைப் பார்த்து அளக்க வேண்டும். நிழல் சற்று இருண்டால் அதைப் பின்னர் ஒளியூட்டலாம். இந்த ஒன்றை மனத்திற் பதித்துக்கொண்ட பிலிம்காரருக்குச் சின்னக் கமரா பாதி வசப்பட்டுவிட்டது எனலாம்.

அதன்பின் அது நல்லதொரு கையேடாகவும் உதவுகிறது. என்னுடைய பழைய கமராவின் ஒளிமானி எப்பொழுதோ கண்மூடிவிட்டது. இப்பொழுது பிலிமின் வேக எண்ணாகிய 400ஐச் சின்னக் கமராவில் வைத்து ஒருமுறை பார்க்கிறேன். துவாரம் 4, வேகம் ஐந்நூறிலொரு விநாடி என்று அது காட்டினால், பிலிம் கமராவில் துவாரத்தை 8க்கும் வேகத்தை நூற்றிருபத்தைந்தில் ஒன்றுக்கும் கொண்டுபோகிறேன். இரண்டுபடி குறைத்து இரண்டுபடி கூட்டும் எளிய கணக்கு அது. கறுப்பு வெள்ளை முறையில் வைத்துப் பார்த்தால், படுவான்கரை வயலின் பச்சையும் தோணியின் செந்நிறமும் ஒரே சாம்பலாகிவிடும் ஆபத்து முன்கூட்டியே தெரிகிறது. எந்தச் சுருளில் எந்த இடம், எந்த நேரம் என்பதையும் அது மறவாமற் குறித்துக்கொள்கிறது. இவையெல்லாம் பயன்களே. ஆனால் இவற்றுக்காக மட்டும் நான் பேனா எடுக்கவில்லை.

இச்சிறு கருவியின் தலையாய பயன், படியெடுத்தல்.

தமிழுக்கு இச்சொல் புதிதன்று. நமது இலக்கியம் முழுவதும் படியெடுத்தவர்களாலேயே பிழைத்து வந்திருக்கிறது. பனையோலையின் ஆயுள் சில நூற்றாண்டுகள். ஈரமும் செல்லும் சேர்ந்தால் அதனினும் குறைவு. ஓலை சிதையுமுன் அதைப் புதிய ஓலையிற் பெயர்த்து எழுதியவர்களின் பெயர் பெரும்பாலும் நமக்குத் தெரியாது. அவர்கள் எழுதாதிருந்தால் சி. வை. தாமோதரம்பிள்ளைக்கும் உ. வே. சாமிநாதையருக்கும் பதிப்பிக்க எதுவும் கிடைத்திராது. நமது பகுதியையே எடுத்துக்கொள்வோம். 1962இல் எப். எக்ஸ். சி. நடராசா அவர்கள் பதிப்பித்த ‘மட்டக்களப்பு மான்மியம்’, வீடுகளிலும் கோயில்களிலும் பேணப்பட்ட ஏட்டு மரபின் கொடை. கண்ணகி கோயில்களின் வைகாசிச் சடங்கிற் பாடப்படும் வழக்குரையும் அவ்வாறே கைமாறிக் கைமாறி வந்தது. மூலம் சிதையுமுன் படி எழ வேண்டும் என்ற அறிவு இம்மண்ணில் நெடுங்காலமாக இருந்தது. ஏட்டுக்கு இருந்த அந்த அறிவைப் படத்துக்கு நாம் இன்னும் கொண்டுவரவில்லை.

புகைப்படம் ஏட்டைவிட உறுதியானது என்று நம்பினோம், அது பிழை. வாவிக்கரைக் காற்றில் ஈரமும் உப்பும் ஒருசேர உள்ளன. கறுப்பு வெள்ளைப் படிகளில் வெள்ளி மங்கி மஞ்சளாகிறது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் எடுத்த வண்ணப்படங்களில் நீலமும் பச்சையும் கழன்று செந்நிறமே எஞ்சுகிறது. நெகற்றிவ்களைத் தகரப்பெட்டியில் அடைத்துப் பரணில் வைத்தவர்கள், அதைத் திறக்கும்போது வினாகிரி மணத்தை உணர்ந்திருப்பார்கள். அசெற்றேற் அடித்தாள் வெப்பத்தாலும் ஈரத்தாலும் சிதையும்போது வெளிவிடும் அசற்றிக் அமிலத்தின் மணம் அது. அம்மணம் எழுந்துவிட்டால் அச்சிதைவைத் திருப்ப வழியில்லை, படியெடுப்பதொன்றே மருந்து.

இயற்கையின் இந்த மெல்லிய அரிப்போடு பேரிடர்களும் சேர்ந்தன. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆந் திகதிச் சூறாவளி கூரைகளைத் தூக்கியெறிந்தது. போர்க்காலத்தில் மக்கள் மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்தபோது, கையில் அரிசியையும் பிள்ளையையும் தூக்கியவர்களால் அல்பத்தைத் தூக்க முடியவில்லை. 2004இல் ஆழிப்பேரலை வந்தது. மூன்றையும் கண்ட குடும்பங்கள் இங்கே உள்ளன. அவ்வீடுகளிற் பாட்டனின் முகத்தைப் பேரப்பிள்ளை அறிவதில்லை. கூத்து அரங்கேற்றத்தன்று முடியணிந்து, அண்ணாவியாரை நடுவில் நிறுத்தி எடுத்த படம் ஓரிரு வீடுகளில் மட்டும் தொங்குகிறது. 1960களிற் பேராசிரியர் வித்தியானந்தன் வடமோடிக் கூத்தைப் பேராதனை மேடைக்குக் கொண்டுசென்ற வரலாற்றை எழுதுகிறோம். அக்கூத்து பிறந்த வட்டக்களரியில் அணிந்த உடுப்பு எப்படி இருந்தது என்று கேட்டால், காட்டுவதற்கு எத்தனை படங்கள் நம்மிடம் உள்ளன?

இழப்பின் பாடத்தை இலங்கைப் புகைப்படக்கலை முன்னரே கற்றிருக்கிறது. 1900இற் பிறந்து 1944இல் மறைந்த லயனல் வென்ற் இந்நாட்டின் பெரும் புகைப்படக் கலைஞர். அவர் மறைந்தபின் அவருடைய நெகற்றிவ்கள் அழிக்கப்பட்டுவிட்டன. எஞ்சியவை அவர் தமது கையாலே அச்சிட்ட படிகளும், அவற்றைக் கொண்டு 1950இல் வெளிவந்த நூலும் மாத்திரமே. மூலம் போயிற்று, படியினால் அவர் வாழ்கிறார். அத்துணை பெரிய கலைஞருக்கே இந்நிலையென்றால், களுவாஞ்சிகுடியிலோ கொக்கட்டிச்சோலையிலோ ஒரு வீட்டுச் சுவரில் ஒற்றைப் படியாகத் தொங்கும் படத்துக்கு என்ன உறுதி இருக்கிறது?

பிறர் விழித்துக்கொண்டிருக்கிறார்கள். 2011இல் யப்பானில் ஆழிப்பேரலை அடித்தபின், சேற்றிற் கிடந்த இலட்சக்கணக்கான குடும்பப் படங்களைத் தொண்டர்கள் பொறுக்கி, நீரிற் கழுவி, நூலிற் கொழுவிக் காயவைத்து, டிஜிற்றலிற் படியெடுத்து, உரியவரைத் தேடிக் கொடுத்தார்கள். தமிழ்நாட்டுப் பழைய ஸ்ரூடியோக்களின் படங்களைப் புதுச்சேரியிலிருந்து ஆய்வாளர்கள் தேடிச்சென்று, பிரித்தானிய நூலகத்தின் அருகிவரும் ஆவணங்களுக்கான திட்டத்தின் துணையோடு படியெடுத்துள்ளனர். நம்மவர்களின் நூலக நிறுவனமும் 2005 முதல் ஈழத்து அச்சுநூல்களைப் படியெடுத்துப் பொதுவில் வைத்து வருகிறது. நூலுக்குச் செய்ததை வீட்டுப் படத்துக்கும் செய்ய வேண்டும். அதைச் செய்யும் கருவி நமது லாச்சிகளிற் கிடக்கிறது.

செய்யும் முறையும் அரியதன்று. நான் தவறித் தவறிக் கற்றதைச் சுருக்கமாகக் கூறுகிறேன். படத்தை யன்னலோரம் நேர்வெயில் படாத இடத்தில் மேசைமீது தட்டையாக வையுங்கள். சட்டத்தில் ஒட்டியிருந்தால் கழற்றவே வேண்டாம். கமராவை முக்காலியிலேற்றிக் கீழ்நோக்கித் திருப்புங்கள். படத்தின் நடுவில் ஒரு சிறு முகம்பார்க்கும் கண்ணாடியை வையுங்கள். திரையின் நடுவில் வில்லையின் பிம்பம் தெரியும்வரை கமராவைச் சரிசெய்தால், இரண்டும் சமாந்தரமாகிவிட்டன என்று பொருள். பின் கண்ணாடியை எடுத்துவிடலாம். மிக அகலமான கோணத்திற் கோடுகள் வளையும். சற்றுத் தள்ளி வைத்துச் சிறிதே உருப்பெருக்குங்கள். பிளாஷ் கூடாது. கண்ணாடியில் உங்கள் உருவமே தெரிந்தால், கறுப்புத் துணியில் ஒரு துளையிட்டு அதனூடாக வில்லையை மட்டும் நீட்டுங்கள். வேக எண்ணை மிகக் குறைவாக வைத்து, தானே இயங்கும் விசையை இரண்டு விநாடிக்கு அமைத்துக் கையை எடுத்துவிடுங்கள். நெகற்றிவ் என்றால், பின்னொளி தரும் வெண்டிரைக்கு மேலே பால்நிறத் தகடொன்றை வைத்து, அதன்மேல் நெகற்றிவை வைத்து எடுத்து, கணினியில் நிறத்தை மறுதலையாக்கினாற் போதும். சிறிய ஒளியுணரியின் குறை என்று முன்னர்ச் சொன்னது இங்கே ஒரு வகையிற் குணமாகிறது. அதன் கூர்மை முன்பின்னாக ஆழமாய்ப் பரவுவதால், ஓரஞ்சுருண்ட படமும் தெளிவாக விழும்.

“இதற்குக் கைத்தொலைபேசி போதாதா?” என்று மாணவர் கேட்பர். வேறொன்றும் இல்லாதவிடத்துப் போதும்; தயங்கி நிற்பதைவிட அதுவே மேல். ஆயினும் கைத்தொலைபேசிகள் பல, முகத்தைக் கண்டால் தாமாகவே மெருகிட்டு மழமழப்பாக்கிவிடுகின்றன. பாட்டியின் நெற்றிச் சுருக்கம் பிழையன்று, அது சான்று. மேலும், தொலைபேசி ஒருவரின் சொந்தப் பொருள். கமராவைப் பாடசாலை அலுமாரியில் வைத்து, முக்காலியிற் பூட்டி, ஒரு வகுப்புக்குப் பொதுவாக்கலாம். ஒரு வேலைக்கென்றே வைத்த கருவியிடம் மனிதர் காட்டும் கவனமும் வேறாகவே இருக்கிறது.

இதனினும் வலுவான வேறொரு மறுப்பு உண்டு. டிஜிற்றற் படம் மட்டும் அழியாதா? அழியும், பிலிமைவிட விரைவாகவும் அழியும். தட்டு ஒன்று பழுதானால் ஆயிரம் படங்கள் ஒரே கணத்தில் மறைந்துவிடும். எத்தனையோ பேரின் பத்தாண்டுக் காலம் அவ்வாறு மறைந்திருக்கிறது. ஆகவே படியெடுத்தவர் அதோடு நின்றுவிடலாகாது. இரண்டு மூன்று இடங்களில் வைக்க வேண்டும். முதன்மையானவற்றைத் தாளில் அச்சிட வேண்டும். ஒரு படியை உரியவரின் கையிலேயே கொடுத்துவிட வேண்டும். ஏட்டை ஒரே வீட்டில் வைக்காத முன்னோரின் அறிவுதான் இதுவும்.

அவற்றோடு பெயரும் எழுத வேண்டும். பெயரில்லாத படம் இரண்டு தலைமுறையில் அன்னியர் முகமாகிவிடும். யார், எவ்வூர், எவ்வாண்டு, என்ன நிகழ்ச்சி, யார் சொல்லக் கேட்டது என்ற ஐந்தையும் கேட்டு எழுதினால் படம் ஆவணமாகும். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை மக்கள் பாதையிலேறித்தான் படுவான்கரை சென்றார்கள். அப்பாதையிற் சைக்கிளோடு நிற்கும் ஒரு பெண்ணின் படம் என்னிடம் உண்டு. நானே பிலிமில் எடுத்தது. அன்று ஒளியையும் துவாரத்தையும் கவனமாகக் குறித்த நான், அவருடைய பெயரைக் கேட்டுக் குறிக்கவில்லை. கலையென்ற மயக்கத்தில் நான் செய்த தவறு அது. இன்று அப்படத்தை அவரிடம் சேர்ப்பிக்க எனக்கு வழியில்லை.

சம்மதம் பற்றியும் ஒரு சொல். இறந்தோரின் படமும் காணாமற்போனோரின் படமும் இருக்கும் வீடுகள் இவை. படியெடுப்பவர் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். ஊருக்குக் காட்டலாமா என்பதைத் தனியாக மறுபடி கேட்க வேண்டும். வேண்டாமென்றால், படியை அவர்களிடம் கொடுத்துவிட்டு வணங்கி வந்துவிட வேண்டும்.

பெரிய நிறுவனமும் பெருநிதியும் வந்த பிறகுதான் இப்பணியைத் தொடங்க வேண்டுமென்பதில்லை. பாடசாலை ஒன்று தவணைக்கு ஒருநாளைப் ‘படநாள்’ என்று அறிவித்து, வீட்டிலுள்ள மிகப் பழைய படமொன்றைப் பெற்றோரோடு கொண்டுவரச் சொல்லலாம். ஒரு மாணவர் படியெடுக்க, மற்றொருவர் பெயர் கேட்டு எழுத, தமிழாசிரியர் அதைச் சரிபார்க்கலாம். வரலாற்றுப் பாடத்துக்கு அதனினும் நல்ல செய்முறை எனக்குத் தெரியாது. இலக்கிய வட்டங்களும் கூட்டத்துக்கொரு மணிநேரத்தை இதற்கு ஒதுக்கலாம். ஊரிலுள்ள பழைய பிலிம்காரர்கள் ஒளியறிந்தவர்கள்; அவர்களை அழைத்து முக்காலியின் பக்கத்தில் நிறுத்துங்கள். தம்முடைய காலம் முடிந்துவிட்டதென்று ஒதுங்கியிருப்பவர்களுக்கு அதுவே நல்ல அழைப்பாகும்.

நான் பிலிமைக் கைவிடவில்லை. இவ்வாரமும் ஒரு சுருள் கமராவில் இருக்கிறது. பாலத்தடியிற் காத்திருப்பதும் ஓயவில்லை. சட்டைப்பையிற் சின்னக் கமராவும் ஒரு குறிப்புப் புத்தகமும் கூடவே வருகின்றன. அந்தத் தாய்க்கு மகனின் படத்தை அச்சிட்டுக் கொடுத்தபோது, அதன் பின்புறத்தில் அவன் பெயரையும் பிறந்த ஆண்டையும் எழுதித் தரும்படி கேட்டார். எழுதிக் கொடுத்தேன். அவர் அதை ஒருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, பழைய சட்டத்தையும் புதிய படியையும் ஒரே துணியிற் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.